மூன்றாவது ஜன்னல்

முப்பத்தெட்டு வருடம்
இந்தச் சதுக்கத்தைக் குறுக்காகக் கடந்திருக்கிறேன்,
வியாழக்கிழமை மீன் வாங்க,
மற்ற நாட்களில் மருந்து வாங்க.
அரண்மனைக்குள் போனதில்லை.
எங்கே ஓடிவிடப் போகிறது?
நானூறு வருடம் நின்றது
நாளைக்கும் நிற்கும்.

இன்று மாதத்தின் முதல் ஞாயிறு. நுழைவு இலவசம்.
எர்மெஸ் வரவில்லை.
முழங்காலைக் காட்டினான்,
நூற்றுப்பன்னிரண்டு படி என்று யாரோ சொன்னதைச் சொன்னான்,
கடைசியில்
"செத்த கோமகன் வீட்டில் எனக்கென்ன வேலை" என்று
வளைவுகளின் நிழலில் கல்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

படிகள் குதிரைகளுக்காக வெட்டியவையாம்.
அகலம், தணிவு.
வீரர்கள் சேணத்தை விட்டு இறங்காமலே மாடி ஏறுவார்களாம்.
நான் செருப்போடு ஏறினேன்.
மூச்சு மட்டும் குதிரைக்கு நிகராக வாங்கியது.

உள்ளே
தங்கம் இருந்தது, உரிந்துகொண்டு.
கூரையெங்கும் இறக்கை முளைத்த கொழுத்த குழந்தைகள்;
ஒன்றுகூடப் பசித்ததாய் இல்லை.
பளிங்குச் சீமாட்டி ஒருத்திக்கு
நிலநடுக்கத்தில் மூக்கு போயிருந்தது.
மூக்கில்லாமலும் என்னை முகர்ந்து பார்த்தாள்.
மீன் வாடை இல்லை சீமாட்டி,
இன்று ஞாயிறு.

பதினோராவது அறையோ பன்னிரண்டாவதோ,
கோமகன் தாடி மழித்துக்கொண்ட அறை.
அலுத்துப்போய் ஜன்னலுக்குப் போனேன்,
மூன்றாவது ஜன்னல்.
கீழே என் சதுக்கம்.

இத்தனை வருடம் நடந்தும் எனக்குத் தெரியவில்லை:
தரையின் வெள்ளைக் கல் கோடுகள்
எல்லாப் பக்கமிருந்தும் ஓடிவந்து
இந்த ஜன்னலின் அடியில் கூடுகின்றன.
நடப்பவளுக்கு அது
கால் இடறும் மேடு, மழையில் வழுக்கல்.
இங்கிருந்து பார்த்தால்தான் படம்.

ஒரு பெண் சக்கரப்பையை இழுத்துக்கொண்டு
குறுக்காகப் போனாள்,
என் வழியில், என் குனிவோடு.
எறும்பு என்று நினைக்கப் போனேன்.
நினைக்கவில்லை.
பையன்கள் பந்தடித்தார்கள்;
'பந்தாடக் கூடாது' பலகைதான் அவர்களுக்குக் கோல் கம்பம்.

பிறகு எர்மெஸ்.
முழங்கால் வலிக்காரன்
விறுவிறுவென்று எதிர்க்கோடிக்குப் போய்
ஐஸ்கிரீம் வண்டியில்
இரண்டு உருண்டை வாங்கித் திரும்பினான்.
ஒன்று பிஸ்தா. மற்றது சாக்லேட்டாய்த்தான் இருக்கும்.
சர்க்கரை இருநூற்றைத் தாண்டியவன்.
டாக்டர் பெர்துச்சியின் மேசைக்கு முன்னால்
மாதாமேல் சத்தியம் செய்தவன்.

என் விரல் தானாகக் கண்ணாடியைத் தட்டியது.
"தொடாதீர்கள் சிஞ்ஞோரா," என்றாள் காவல் பெண்;
டெலியா என்று சட்டையில் எழுதியிருந்தது.
"பழைய கண்ணாடி. எப்படியும் கீழே கேட்காது.
எல்லோரும் தட்டிப் பார்க்கிறார்கள்."

கூம்பைச் சுழற்றிச் சுழற்றி
உருகும் ஓரத்தைத் துரத்தி நக்கினான்.
சட்டையில் ஒரு சொட்டு; எச்சில் தொட்டுத் துடைத்தான்.
பந்து அவனிடம் உருண்டு வந்தது.
எழுந்தான்.
அந்தக் காலால்தான் உதைத்தான்.
பையன்கள் கத்தியிருக்க வேண்டும்,
வாய்கள் திறந்தன, ஓசை வரவில்லை.
கையில் கூம்போடு
அரசவையில் போல இடுப்பை வளைத்து வணங்கினான்,
ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி.

இப்படித்தான் பார்த்திருப்பான் கோமகன்,
யார் திருடுகிறான், யார் சோம்பிக் கிடக்கிறான்,
யார் ஒருவருக்கும் தெரியாமல்
சந்தோஷமாய் இருக்கிறான் என்று.
பார்த்துவிட்டு ஆளனுப்புவான்.

இன்னும் ஒன்பது அறை பாக்கி இருந்தது.
ஒவ்வொன்றிலும் நின்றேன்.
விளக்கப் பலகைகளை இரண்டு முறை படித்தேன்,
கூம்பின் அடிவரை போகட்டும் என்று.

கீழே வந்தபோது
முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான்.
"என்ன இருந்தது உள்ளே?"
"படி," என்றேன்.
மீசையில் பச்சை.
கைக்குட்டை என் பையில்தான் இருந்தது.

வீட்டுக்கு நடந்தோம், குறுக்காக.
பாதி வழியில் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன்.
மூன்றாவது ஜன்னலில் யாரோ நின்று
கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.