கால் சுற்று

சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில்
பேனா உயரத்துக்கே ஒரு மீட்டர்.
தண்ணீரில் நுனி நனைத்தால்
எண் சொல்லும்.
எண் மட்டும்தான் சொல்லும்.

கோட்டையூர் ரயில் கேட் தாண்டி
மூன்று வீதி, முப்பத்தொரு வீடு.
எல்லா வீட்டுக்கும் நான்தான்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
அடுப்படிச் சுவரில் தொங்கும் பெட்டியைத் திறந்து
பழுப்பேறிய பஞ்சுக் குழலை உருவுவேன்.
"இதையா இத்தனை நாள் குடிச்சோம்?"
எல்லா வீட்டிலும் ஒரே குரல்.
இல்லை, இதைக் குடிக்காமல் இருந்தீர்கள் என்பேன்.
பழைய ஜோக்தான்.
பில் போடும்போது உதவும்.

முதல் வீதி, தொள்ளாயிரத்துப் பத்து.
மெய்யர் வீடு, ஆயிரத்து நாற்பது.
மூலை வீட்டு அருள்தாஸ் வாத்தியார்
அறுநூறடி போர் போட்டார்,
ஆயிரத்து அறுநூறு வந்தது.
ஆழம் போனால் இனிக்கும் என்று யாரோ சொன்னார்களாம்.
யாரென்று கேட்டேன்.
ரிக் வண்டிக்காரன் என்றார்.

இந்தத் தண்ணீரில்
சோப்பு நுரைக்காது, திரிதிரியாய்ப் பிரியும்.
நாலு விசிலுக்கும் அசராமல்
பருப்பு பருப்பாகவே நிற்கும்.
ஷவரின் ஐம்பது கண்களில்
முப்பதுக்குப் புரை.
சீப்பில் சுருண்ட முடியைக் காட்டி
"இதுக்கும் மெஷின் இருக்கா?" என்றாள்
பதினாறாம் நம்பர் தெய்வானை.
இருக்கிறது, பதினெட்டாயிரம் என்றேன்.
முடியை விரலில் சுற்றிக்கொண்டே
உள்ளே போய்விட்டாள்.

இரண்டாம் வீதி முனையில் பூட்டிய பெரிய வீடு.
ஆள் குளிக்காத குளியலறையில்
சொட்டும் குழாய்க்கு
விரல் நீளம் ஒரு வெள்ளைப் பல்.
கீழே ஆத்தங்குடிக் கல்லில்
சிவப்புப் பூவின் மேல் சுண்ணாம்பு வளையம்.
காவலுக்கு இருக்கும் வெள்ளையன் கையில் ஆசிட் பாட்டில்.
ஊத்தாதே, உப்போடு பூவும் போய்விடும் என்றேன்.
"அப்ப எப்படித்தான் போகும்?"
குழாய் எங்களுக்காகக் காத்திராமல்
இன்னொரு சொட்டு விட்டது.

இருபத்திரண்டாம் நம்பர் உமையாள் ஆச்சி.
நாற்பது வயசு. இங்கே
கல்யாணம் ஆனாலே ஆச்சி.
போன மாதம் புதுப் பெட்டி மாட்டி
முப்பதில் வைத்துவிட்டு வந்தேன்,
பெருமையாக.
நேற்று போன்:
"தண்ணி செத்துப் போச்சு தம்பி.
நாக்குல நிக்கவே மாட்டேங்குது.
ரசம் வச்சா
வேற யாரோ வச்ச மாதிரி இருக்கு."

பெட்டியின் அடியில்
சட்டைப் பொத்தான் அளவு ஒரு திருகாணி.
போர்த் தண்ணீரைக் கொஞ்சம் கலக்க விடும்.
கால் சுற்று. எழுபது.
குடித்தாள். தலையை ஆட்டினாள்.
இன்னொரு கால். நூற்று இருபது.
"ம்ஹூம்."
மூன்றாவது காலில் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை.
"இதான். இது என்ன நம்பர்?"
இருநூற்றுப் பத்து.
"எழுதிக்கங்க. யாரு வந்து திருகினாலும்
இதுக்கே கொண்டாந்துரணும்."

பெட்டியிலிருந்து இன்னொரு குழாயும் போகிறது,
யாரும் விசாரிக்காத குழாய்.
ஒரு குடம் நல்லதுக்கு மூன்று குடம் கழித்து
பின்வாசல் வாழையடியில் விடும்.
இலை ஓரமெல்லாம் தீய்ந்திருந்தது.
அங்கேயும் மீட்டரை நனைத்தேன்,
ஆயிரத்து நானூறு.
வாழைக்கு எட்டடியில் ஆச்சியின் போர்.
போருக்கு எட்டடியில்
அடுத்த வீட்டு வாழை.

முப்பத்தொரு பெட்டி துப்பியதை
முப்பத்தொரு மோட்டார் திரும்ப இழுக்கிறது.
போன வருஷ நோட்டில் முதல் வீதி
எண்ணூற்று முப்பது.
நோட்டை மூடினேன்.
சொன்னால் பெட்டிதான் இன்னும் விற்கும்.

"உங்க வீட்ல எத்தனை?"
ரசீதை மடித்தபடி கேட்டாள் ஆச்சி.
அளந்ததில்லை என்றேன்.
பொய்.
ஒரு தடவை நனைத்தேன்,
எண் நிலைக்கும் முன்னே
எடுத்துவிட்டேன்.