அலிஃப், லாம்

பைதா நகரம், மலைமேல் ஜனவரி.
மண்டபத்தின் கண்ணாடிகளில் எல்லோருடைய மூச்சும்.

"ஷரீஅத் சட்டத்தின் ஊற்று."
ஊற்று என்ற சொல்லுக்கு முன்னால்
அலிஃபும் லாமும் ஒட்டிக்கொண்டால்
அது ஒன்றே ஊற்று.
உதிர்ந்தால், ஊற்றுகளில் ஒன்று.
தட்டச்சுக்காரிக்கு இரண்டு பொத்தான்,
அவ்வளவுதான்.

பத்து மணிக்கு எடுத்தேன்.
பத்தரைக்குச் சேர்த்தேன்.
பதினொன்றேகாலுக்கு மறுபடி எடுக்கச் சொன்னார்கள்.
ஷேக் அத்திய்யா எழுந்துவிட்டார்.

தாடி வைத்ததற்கும் விடியலில் பள்ளிக்குப் போனதற்கும்
பழைய ஆட்சி அவரைப் பதினோரு வருடம் உள்ளே வைத்திருந்தது.
முன்பற்கள் அங்கேயே போயின.
மஸ்தர் என்று அவர் சொல்லும்போது
ஊற்று கொஞ்சம் காற்றாகக் கசிகிறது.
"அந்த இருட்டில் எனக்கு வேறு எது இருந்தது?
ஒன்றை ஒன்று என்று எழுத ஏன் கை நடுங்குகிறது உங்களுக்கு?"

வழக்கறிஞர் இப்திஸாம் கோபப்படவில்லை.
"நானும் அதில் குடித்து வளர்ந்தவள்தான், ஷேக்.
ஊற்றைப் பற்றி எனக்குப் பேச்சில்லை.
குழாய் யார் கையில் என்பதுதான்."

யாரோ சிரித்தார்.
சிரித்தவரை யாரோ முறைத்தார்.

வேதத்திலும் சில அத்தியாயங்கள்
அலிஃப், லாம் என்றே தொடங்குகின்றன.
பொருளை அல்லாஹ்வே அறிவான் என்று
உரைகாரர் பலர் தலை குனிந்து
அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.
இங்கே ஒருவரும் போகவில்லை.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்?
கீழே, கடற்கரை நீதிமன்றத்தில், என் கோப்பு கிடக்கிறது.
நான் மறுமணம் செய்தால் மகள் யாரிடம் வளர்வாள்?
"அரசியல் சாசனம் வரட்டும் அம்மா" என்று
நீதிபதி மூன்று தவணை தள்ளிவிட்டார்.
அய்யாத் என்றொரு மனிதர்
இரண்டு வருடமாக என் பதிலுக்குக் காத்திருக்கிறார்,
அல்லது காத்திருப்பதை நிறுத்திவிட்டார்.
அந்த இரண்டு எழுத்தும் இருந்தால் எனக்கு நல்லதா,
போனால் நல்லதா,
சத்தியமாகத் தெரியவில்லை.
மகளுக்கு ஒன்பது வயது. நகம் கடிக்கிறாள்.

மின்சாரம் போனது.
இருட்டில் அறுபது பேர்
ஒரே நேரத்தில் பேசுவதை நிறுத்தினார்கள்.
திரை மட்டும் மின்கலத்தில் எரிந்தது,
ஊற்றுக்கு முன்னால் ஒரு கோடு
துடித்து மறைந்து துடித்தது.

விடிவதற்குள் பாங்கு.
மோட்டார் ஓடாததால் மண்டபம் முழுக்க
ஒரு குழாயிலும் தண்ணீர் இல்லை.
ஷேக்கிடம் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது.
சிக்கனமாக, பெருமானார் சொன்னபடி,
கை, வாய், முகம், முழங்கை.
பாதி மிச்சம் வைத்து
மூடியை இறுக்காமல்
இப்திஸாம் பக்கம் நகர்த்தினார், ஏறிட்டுப் பார்க்காமல்.
அவள் முடித்து என்னிடம் தந்தாள்.

முகம் கழுவினேன்.
கைகளைக் கழுவினேன்.
காலுக்குப் போதவில்லை.

ஒன்பது மணிக்கு வாக்கெடுப்பு என்றார்கள்.
இரண்டு பிரதிகள் எடுத்து வைத்தேன்,
ஒன்றில் எழுத்துகளோடு,
ஒன்றில் இல்லாமல்.
மேசைமேல் எதை மேலே வைப்பது என்று
ஈரக் கையோடு கொஞ்ச நேரம் நின்றேன்.