ஐந்தரை

மின்சாரம் திரும்பியதும்
ஐஸ் ஆலைக் கணினி கண் விழித்துச் சொன்னது:
இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி ஒன்று.
பொத்தான் பேட்டரி செத்து ஆறு மாசம்.
முதுநகரில் தூறலுக்கு முன்பே
இணையம் போய்விடும்.

மொட்டை மாடிக் குடையில்
தேங்கிய தண்ணீரைக் கையால் வழித்தேன்.
டிவி வந்தது.
படத்துக்கும் குரலுக்கும் அடியில்
யாரும் பார்க்காமல் ஓடும் நேரத்தை மட்டும்
ட்யூனர் கார்டு பொறுக்கியது,
வலைக் குப்பையில் இறால் பொறுக்குவதுபோல.

விநாடிகூடப் பிசகவில்லை.
ஐந்தரை மணி கூட்ட மறந்தது நான்தான்.

இரவு இரண்டு மணி.
இருபது பார் ஏற்றிய கலிவரதன்
ரசீதைக் குழல்விளக்கில் பிடித்தார்.
"நேத்து தேதில்ல போட்டிருக்கு?"

லண்டன் நேரம், என்றேன்.

படகு அவசரமாய் உறுமியது.
அவருக்கு அவசரமில்லை.

"அப்ப நேத்து விலையே போடு.
இன்னிக்குத்தானே ஏத்துனீங்க."