நான்காம் மாடி, தெற்குச் சுவர்

சாரத்தில் நின்றபடி
தலைக்கவசத்தை ஜன்னல் வழியே நீட்டுகிறான் போகுமில்.
உள்ளே, பசை அப்பிய ஒரு பிடி இருட்டு.
மூச்சு விடுகிறது.

லூப்ளின் நகரத்தில் ஜூலை.
வரப்போகும் குளிருக்குக் கட்டடம் முழுவதும்
நுரைப்பலகை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.
எங்கே கிடந்தது என்று வியெஸ்லாவா கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
சமையலறைத் தராசில் முப்பத்தொரு கிராம்.

அவள் மொழியில் இதன் பெயர் யெஷிக்.
ஆண்பிள்ளைக்கும் அதையே செல்லப்பெயராய் வைப்பார்கள்.
“வாயைத் திற, யெஷிக். இன்னும் ஒன்றே ஒன்று.”
சுவருக்கு அந்தப் பக்கம்
திருமதி பாஹ்லெவ்ஸ்கா கேட்டுவிட்டாள்.
மாலைக்குள் மூன்று தளத்துக்கும் தெரிந்துவிட்டது
வியெஸ்லாவா வீட்டில் யாரோ ஒருத்தன் இருக்கிறான் என்று.

என் மொழியில் இது உழவாரன்.
புல் செதுக்கும் கருவியின் வளைவை
இந்தச் சிறகில் கண்ட யாரோ வைத்த பெயர்.
மண்ணைச் சுரண்டும் ஒன்றின் பெயரை
மண்ணில் இறங்கவே விரும்பாத ஒன்றுக்கு வைத்தவர்
சிரித்துக்கொண்டே வைத்தாரா?
தூக்கம்கூட வானத்தில்தான்.
கால் என்று இருப்பது
சுவரைப் பற்ற நாலு கொக்கி.

பகலில் அவளுக்குப் பல் மருத்துவமனையில் வேலை.
கருவிகள் கொதிக்கும் பெட்டிக்குக் கீழே, இழுப்பறையில்
காற்றுத் துளையிட்ட காலணி அட்டைப்பெட்டி.
நோயாளிகளுக்கு ‘ஆ’ காட்டத் தெரியும்.
இதற்குத் தெரியாது.
அலகோரம் நகம் நுழைத்து மெல்ல நெம்பி
இடுக்கியால் ஒரு சுவர்க்கோழி,
மணிக்கொரு தரம்.
இழுப்பறை கீச்சிட்டது.
“அதற்கு எண்ணெய் போடுங்கள்” என்றார் டாக்டர் ஓல்கியெர்த்,
அடுத்த நோயாளியை அழைத்தபடி.

பசை போனது.
போகும்போது வலச்சிறகின் நான்கு இறகுகளையும்
ஒடித்துக்கொண்டு போனது.
புதிது முளைக்கும்வரை காத்திருந்தால்
ஆப்பிரிக்கா காத்திருக்காது.

சனிக்கிழமை போகுமில் கதவு வழியாக வந்தான்.
சிமெண்ட் பைத் தாளில் ஒரு பொட்டலம்.
பிரித்தாள்:
வளர்ந்த பறவை ஒன்று, உலர்ந்து, எடையே இல்லாமல்.
“மூன்றாவது பலகைக்குப் பின்னால்.
நான் ஒட்டியது.”

சர்க்கரை டப்பாவில் சாய்த்த போனில்
கால்நடை மருத்துவர் சொல்லிக்கொண்டே வர,
செத்ததன் இறகுத்தண்டுக்குள்
பல்வேர் துழாவும் ஊசியின் நுனியைச் செருகி
உயிருள்ளதன் முறிவில் பொருத்தினாள்.
ஒரு துளிப் பசை. நீல விளக்கு. இருபது எண்ணினாள்.
நான்கு முறை.
பறவையைப் பிடித்திருந்தவன் அவன்தான்.
மூச்சையும் அவன்தான் பிடித்திருந்தான்.

மறுநாள் முதல் அட்டைப்பெட்டிக்குள்
சிறகை ஊன்றி உடலைத் தூக்கித் தண்டால் எடுத்தது யெஷிக்.

ஆகஸ்ட் நான்கு. மற்றவை எல்லாம் போய்விட்டன.
ஆற்றோரப் புல்வெளியில்
தலைக்கு மேலே உள்ளங்கையை விரித்து நின்றாள்.
அது நடுங்கியது. நடுங்கிக்கொண்டே இருந்தது.
நாய் நடத்த வந்தவர் ஒருவர்
மழை வருமா என்று தானும் கை நீட்டிப் பார்த்துப் போனார்.
இருபத்தாறு நிமிடம்.
அவள் முழங்கையைக் கீழிருந்து தாங்கிக்கொண்டான் போகுமில்.

விழுந்தது என்றே நினைத்தார்கள்.
புல்லுக்கு ஒரு சாண் மேலே
காற்று அதைக் கண்டுபிடித்தது.
நான்கு இறகு மட்டும் வெயிலில் கொஞ்சம் பழுப்பு;
அது தெரிந்தவரை பார்த்தார்கள்.
அப்புறம் வானத்தைப் பார்த்தார்கள்.

தெற்குச் சுவரில் இப்போது
உண்டியல் வாய் போல ஒரு துளை.
மேஸ்திரி அரைநாள் கூலி பிடித்தார்.

சமையலறையில் மீந்தவை பதினேழு சுவர்க்கோழி.
கொல்வதா விடுவதா என்று தெரியாமல்
விளக்கை அணைத்தாள்.
அவை பாடத் தொடங்கின.
திருமதி பாஹ்லெவ்ஸ்கா சுவரைத் தட்டினாள்.
இவளும் தட்டினாள்.