வேறு வீடு

பழைய டிஸ்க் சாகுமுன்
இரண்டு நாள் பல்லி மாதிரிச் சொன்னது.
எனக்குப் பலன் பார்க்கத் தெரியவில்லை.
பதினொரு கல்யாணம், ஒரு சாமத்தியவீடு
அதற்குள்ளே.
நிலக்சியின் தகப்பன் இன்னும் ஃபோன் எடுக்கிறார்.

பியல் ஸ்டேஷன் கடையில்
புதிதைக் கையில் நிறுத்துப் பார்த்தேன்.
இரண்டு டெராபைட், ஒரு சவர்க்காரக் கட்டிப் பாரம்.
விழுந்தாலும் உடையாது என்றான் பையன்,
மூன்று வருட உத்தரவாதம்.
உத்தரவாதம் பெட்டிக்கு.
தாலி ஏறிய கணத்துக்கில்லை.

இரண்டு வாங்கினேன்.
ஒன்று என் மேசையில். மற்றதை
வேறு வீட்டில் வைக்கவேண்டுமாம்,
தீயும் திருடனும் ஒன்றாய் வந்தாலும்
எட்டாத இடத்தில்.

வேறு வீடு?

மூன்றாம் மாடிக்கு ஏறி மணியை அழுத்தினேன்,
பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.
திருமதி கெர்பர்
சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்.
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
ஃபிரிட்ஜில் வைக்கவேண்டுமா என்றார்.