பாளத்தின் நடுவெள்ளை

உவரியில் கத்திரி இன்னும் முடியவில்லை.
அங்கே சூரியன் நேற்றோடு போய்விட்டதாம்,
இனி ஜூலை கடைசியில்தான்.
ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று பேசுகிறான் ததேயு.
அந்தக் கண்டத்தில் அவனுக்கு வாய்த்த
வெதுவெதுப்பான ஒரே மூலை.

"ஸ்குவா எல்லாம் கெளம்பிட்டு, ரெக்சலின்.
சமையக்கட்டு வாசல்ல நின்னு
கையில இருந்த சப்பாத்தியப் பறிச்ச களவாணி,
அதுவும் போயிட்டு.
இப்ப நாங்க இருவத்திமூணு பேரு.
பாறையில ஒட்டுன பாசி இருக்கு,
அது மூச்சு விடுதான்னு தெரியல."

காற்று எப்படி, என்றேன்,
ஆரல்வாய்மொழிக் கணவாயில் வருகிற மாதிரியா?
"அது ஓடி வாற காத்து.
இது மேட்டுல இருந்து
சொந்தக் கனத்துல விழுந்துக்கிட்டே இருக்கு.
வாசம்னு ஒண்ணு கெடையாதுட்டி.
குளிருக்குள்ள வாசம் எந்திரிக்காது."

எனக்கு இங்கே அம்மோனியா, சாளை, டீசல்.
ஐஸ் கம்பெனியில்
உப்புத்தொட்டிக்கு மேல் பலகையில் நடக்கிறேன்.
கீழே மைனஸ் பத்தில்
தான் உறையாமல் கிடக்கிறது உப்புத் தண்ணீர்,
கேனுக்குள் இருக்கிற நல்ல தண்ணீரை
உறையவைத்துக்கொண்டு.

பாளம் கண்ணாடியாக வரும்.
நடுவில் மட்டும் வெள்ளை.
அழுக்கென்று நினைத்திருந்தேன் ஏழு வருஷம்.
"காத்துட்டி அது.
நடுதான் கடைசியா உறையும்,
ஓட எடமில்லாத காத்து
அங்க போயி மாட்டிக்கிடும்."

தெற்கே மேட்டில்
கிணறு மாதிரித் துளைத்து எடுத்த ஐஸில்
ஒரு சில்லு வைத்திருந்தாராம் வங்காளி விஞ்ஞானி.
டம்ளர் தண்ணீரில் போட்டதும்
கடுகு தாளித்த மாதிரி வெடித்ததாம்.
எத்தனையோ ஆயிரம் வருஷத்துக் காற்று,
மனுஷ மூக்குக்குள் போய் வராதது.
அன்றைக்கு அந்தச் சத்தத்தைப்
போனில் பிடித்து வைத்திருந்தான்.
போட்டுக் காட்டினான்.
எனக்கு இரைச்சல்தான் கேட்டது.
கேட்குது, என்றேன்.

மூன்றாம் நாள் விடியுமுன்
அந்த ராத்திரி தண்ணீர் பிடித்த கேனைத் தூக்கினார்கள்.
நசுக்குகிற மெஷினுக்குப் போகுமுன்
பாளத்தை ஆணியால் பிளந்து
நடுவெள்ளையில் ஒரு துண்டை
வாயில் ஒதுக்கிக்கொண்டேன்.

பல் கூசியது.
சத்தம் ஏதும் இல்லை.
உப்பு லேசாக, அது என் விரலுடையது.

"என்னம்மா நிக்கிய, லாரி நிக்குல்லா"
என்றான் கிளமென்ட்.
மிச்சத்தைச் சாளைக்கு மேல் அள்ளிப் போட்டேன்.
வண்டி கொல்லத்துக்கு.
ஆரியங்காவு தாண்டும்போதே
சொட்டத் தொடங்கியிருக்கும்.