இரண்டாவது ரிமோட்

அசல் பெட்டியில் விளையாடினால்தான் விளையாட்டு என்று
கடைக்கு வரும் பொடியன்கள் சண்டை பிடிக்கிறார்கள்.
நான் போனுக்கு டிஸ்ப்ளே ஒட்டிக்கொண்டு
காது கேட்காதவன் மாதிரி இருக்கிறேன்.

எங்கள் வீட்டில் இருந்தது அசலே இல்லை.
நிந்தவூரில் யார் கண்டது அசலை?
தொண்ணூற்றெட்டில் வாப்பா
கொழும்புக்குச் சாரன் எடுக்கப் போன இடத்தில்
பேரம் பேசி வாங்கிய பெட்டி.
மூடியில் கம்பனிப் பெயரையே
ஓர் எழுத்துப் பிழையாக அடித்திருந்தார்கள்.
மஞ்சள் கெசட்டில் 9999 கேம் என்று போட்டிருந்தது.
இரண்டு நாள் இருந்து எண்ணினோம்:
இருபத்திரண்டு.
மற்றதெல்லாம் அதே இருபத்திரண்டு
வேறு பெயரில், வேறு வேகத்தில்.

அதற்கென்று ஒரு குணம் இருந்தது.
கடல் காற்றில் பின்கள் பச்சை பிடிக்கும்.
அழிறப்பரால் தேய்த்து, ஊதி,
இடப்பக்கம் கொஞ்சம் சரித்துச் செருகி
அடியில் தீப்பெட்டி கொடுத்தால் படம் நிற்கும்.
பக்கத்து வீட்டில் தண்ணி மோட்டர் போட்டால்
திரை முழுக்கப் புழு நெளியும்.
ட்ரான்ஸ்போமர் சூட்டுக்குப் பூனை வந்து படுக்கும்.
பதினேழாம் கட்டத்தில் கரண்ட் போனால்
பதினேழும் போச்சு.
தோற்கப் போன நேரமென்றால்
றுஸ்னி இருட்டுக்குள் அல்ஹம்துலில்லாஹ் என்பான்.

இப்போது அவன் தோஹாவில், ஏசி திருத்துகிறான்.
ஓர் அறைக்கு எட்டுப் பேர்.
வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு
அவன் போனில், நான் பழைய லெப்டொப்பில்
எமுலேட்டர் போட்டு நெட்டில் சேர்கிறோம்.
அதே டாங்கி கேம்.
கீழே செங்கல்லுக்குள் அதே பறவை.
புழு இல்லை, பூனை இல்லை,
கழுவித் துடைத்த படம்.
ஆனால் நான் பட்டனை அமத்துவதற்கும்
குண்டு புறப்படுவதற்கும் நடுவில்
ஒரு துண்டு நேரம் கிடக்கிறது,
படி முடிந்த பிறகும்
இன்னொரு படி என்று கால் வைத்த மாதிரி.
கடல் தாண்டி வர வேணுமே என்கிறான்.
பெட்டியில் இது இருக்கவில்லை.
விரலும் குண்டும் ஒன்றாகவே போகும்.
இந்த ஒரு விசயத்தில் பொடியன்கள் சொல்வது சரி.

பெட்டியில் வேறொன்றும் இருந்தது.
ரிமோட் இரண்டும் அதன் உடம்போடு ஒட்டியவை.
ஒன்றாவதில் ஸ்டார்ட் பட்டன்.
இரண்டாவதில் அந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக்.
செய்தவனே அப்படித்தான் செய்திருந்தான்.
தொடங்குவதும் நான், நிறுத்துவதும் நான்.
மூத்திரம் முட்டினாலும் அவன் கேட்க வேண்டும்:
நிப்பாட்டுங்க காக்கா, நிப்பாட்டுங்க.

நிப்பாட்டமாட்டேன்.
அவன் ஓடிப்போய் வருவதற்குள்
அவனுடைய டாங்கியைச் சுடுவேன்.
நம்மவன் குண்டு பட்டால் அது சாகாது,
அசையாமல் நின்று மினுங்கும்.
அந்த மினுக்கத்துக்குள் எதிரி வந்து முடித்துவிடுவான்.
நான் கொல்லவில்லை என்று
உம்மாவிடம் சத்தியம் பண்ணலாம்.
பண்ணியிருக்கிறேன்.

போன வெள்ளி, பன்னிரண்டாம் கட்டம்.
திரை அப்படியே நின்றது.
நெட் போய்விட்டதாக்கும் என்று பார்த்தால்
நடுவில் அந்த ஐந்து எழுத்து.
நான் அமத்தவில்லை.

எமுலேட்டருக்கு மூத்தவன் இளையவன் தெரியாது.
ஆளுக்கொரு ஸ்டார்ட் கொடுத்திருக்கிறது.

கொஞ்சம் பொறுங்க காக்கா,
கறி அடிப்பிடிக்கிது என்று போனான்.
மைக் திறந்தே கிடந்தது.
சட்டி நகரும் சத்தம்,
யாரோ மலையாளத்தில் ஏசுகிறான்,
பைப் திறந்து மூடியது.
செங்கல் ஓரமாக அவன் டாங்கி, பச்சை நிறம்.
என் ஸ்டார்ட்டை அமத்தினால் தொடங்கிவிடும்.
விரல் அதன்மேல்தான் இருந்தது.
முப்பத்தொன்பது வயது விரல்.

வந்து உட்கார்ந்தவன்
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு கேட்டான்:
என்ன, சுடல்லியா?

கடல் தாண்டி வர வேண்டும் அல்லவா,
சிரிப்புக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.